முன் வரிசையில் பைறூஸ்

இமாம் ‘அல்லாஹு அக்பர்’ என்று சொன்ன முதல் தக்பீர் கேட்டதும் பைறூஸ் கைகளை நெஞ்சுக்குக் கீழே கட்டிக்கொண்டான். முன் வரிசையில், நின்றபடி.

எருக்கலம்பிட்டிப் பள்ளிவாசலில் அவன் இப்படி நின்று கனகாலம். போன நோன்புப் பெருநாள் தொட்டு அவனுக்குக் கடைசி வரிசைதான், பிளாஸ்டிக் கதிரைதான். இரண்டு பக்கமும் முழங்கால் தேய்ந்த கிழவர்கள். ஊர் அணிக்குக் கோல் அடித்துத் திரிந்த பொடியனுக்கு அதைவிட வேறு வெட்கம் வேண்டுமா?

தொடையெலும்பின் தலை இடுப்புக் குழியின் விளிம்பில் போய் இடிக்கிறதாம். குனிந்தால் கொளுவிக்கொள்ளும். நெற்றியை நிலத்தில் வைத்து சுஜூது செய்யப் போனால் உயிர் போகும்.

“ஒப்பரேசன் தேவையில்லை தம்பி. சுத்தியிருக்கிற சதையைப் பலப்படுத்துவம்,” என்றார் பிசியோதெரபி சிவலட்சுமி மிஸ்.

சம்மணம் கூடாது, குந்தக் கூடாது, பந்தைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கு, சரிந்து படுத்துக் காலைத் தூக்கு, இடுப்பளவு தண்ணீரில் நட.

நடந்தான். விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு கடல். அந்த நேரத்துக் கடலில் அலையும் இல்லை, சத்தமும் இல்லை. எது வானம், எது தண்ணீர் என்று பிரியாது. கால் நிலத்தில்தான் படுகிறதா என்றுகூடச் சந்தேகம் வரும். பக்கத்தில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாப்பாவும் நடப்பார். கருவாட்டு வியாபாரி ஆதம்பாவாவுக்கு ஒரு நோயும் கிடையாது. மகனைத் தனியே விட மனம் வராது, அவ்வளவுதான்.

“என்ர பக்கத்தில நிண்டு ஒரு சுஜூது செய் மகன். எனக்கு அது காணும்,” என்பார்.

போன கிழமை வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் பைறூஸ் பாயை விரித்துக் குனிந்து பார்த்தான். நெற்றி நிலத்தைத் தொட்டது. இடுப்பு ஒன்றும் சொல்லவில்லை. அப்படியே கிடந்து சிரித்தான். வாப்பாவிடம் மூச்சு விடவில்லை. இந்த வெள்ளிக்கிழமை பள்ளியில் பக்கத்தில் போய் நின்று காட்டுவோம் என்று ஆசையோடு ஒளித்து வைத்திருந்தான்.

இரண்டாவது தக்பீர் கேட்டது.

அவன் காதுக்குள் இன்னும் கடல்தான் இருந்தது. பக்கத்துத் தோள் அவன் தோளில் உரசியது. பைறூஸ் குனியத் தொடங்கினான்.

ஒரு கை அவன் முழங்கையைப் பிடித்து மெதுவாக நிமிர்த்தியது. வாப்பாவின் தம்பி, நஸார் சாச்சா. தொழுகையில் பேச முடியாது.

வரிசையில் ஒருவரும் குனியவில்லை. ஜனாஸாத் தொழுகையில் குனிவதும் இல்லை, நெற்றியை நிலத்தில் வைப்பதும் இல்லை. நின்றபடியே தொழுது, நின்றபடியே முடிப்பார்கள்.

வாப்பா முன்னால் சந்தூக்குப் பெட்டியில், வெள்ளைத் துணிக்குள் கிடந்தார்.

நாலாவது தக்பீர் வரைக்கும் பைறூஸ் நேராக நின்றான். இடுப்பு வலிக்கவே இல்லை. வலித்தால் நல்லது போலிருந்தது அவனுக்கு.