நீலக் குடுவை

"ஏனுங்கக்கா, குளவி ஊட்டுல கூடு கட்டுனா பாப்பா பொறக்குமாம். நீங்க எதுக்குங்க அதைக் கொல்றீங்க?" என்று பக்கத்து வீட்டுத் தமிழினி கேட்டாள்.

"அந்தக் குடுவை அழகுக்குத் தொங்குது, சாமி," என்றாள் யாழினி.

"அப்பறம் உள்ள எதுக்குச் செத்து மெதக்குது?"

மணமாகி ஒன்பது ஆண்டாகியும் பிள்ளையில்லாத யாழினி குடுவைக்குள் எட்டிப் பார்த்தாள். தோட்டத்து நீலக் குடுவையின் வெல்லத் தண்ணீரில் ஒரு குளவி மட்டும் உயிரோடு தத்தளித்தது. அதைக் குச்சியால் தூக்கி விட்டாள். குடுவையைக் கழுவி, மூடியை இறுக்கி, அலமாரியில் பூட்டினாள்.

நான்கு மாதம் கழித்து, ஸ்கேன் எடுத்த டாக்டர் இரட்டைக் குழந்தை என்றார். வீடு திரும்பி அலமாரியைத் திறந்தாள். மூடி இறுகியே இருந்தது. குடுவைக்குள் இரண்டு அறைகளோடு ஒரு மண்கூடு. மண் இன்னும் காயவில்லை.

மறுநாள் யாரும் எழுமுன், குளவிகள் கூடு கட்ட எடுத்துப் போகட்டும் என்று, கொல்லை மண்ணைத் தண்ணீர் ஊற்றிக் குழைத்து வைத்தாள்.