சுவர் தாண்டணும்

“அண்ணே, இருக்குறதுலயே சத்தமான கீபோர்டு ஒண்ணு எடுங்க.”

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் கடையில் சேல்ஸ்மேனாக இருக்கும் சிவக்குமார், இப்படி ஒரு கிராக்கியைப் பார்த்ததே இல்லை. வருகிறவர்கள் எல்லாம் சத்தம் வராததாகப் பார்த்துக் கொடுக்கச் சொல்லித்தான் கெஞ்சுவார்கள்.

“சத்தமா எதுக்கும்மா?”

“வேணும்ணே. மெக்கானிக்கல்தான் வேணும். சின்னதா இருக்கணும், வயர் கூடாது. ரெண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல ஒத்தப் பைசா ஏறக் கூடாது.”

வந்தவள் பேர் சரண்யாதேவி. ஊர் சமயநல்லூர். வீட்டில் இருந்தபடியே டைப் அடிக்கிற வேலை. இதெல்லாம் பேச்சுவாக்கில் வந்து விழுந்தது. வீட்டில் வேறு யார் என்று கேட்டதில்தான் வில்லங்கம் ஆரம்பித்தது.

“நானும் அத்தையும்தான். வீட்டுக்காரர் திருப்பூர்ல வேலை பாக்குறாரு.”

“சத்தம் வந்தா ஒங்களுக்கே தலைவலிதானம்மா?”

“எனக்கு எங்கண்ணே கேக்கும்? நான்தான் காதுல ஹெட்போன் மாட்டிருவேனே.”

அலமாரிக்குப் போன சிவக்குமாரின் கை பாதியில் நின்றது.

“அப்ப ஒங்க அத்தை? மத்தியானம் செத்த கண்ணசர மாட்டாங்களா?”

“அவங்க மத்தியானத் தூக்கத்தை விட்டு ஒரு மாசமாச்சு” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

சிரிப்பு வேறயாம். சிவக்குமாருக்குக் கண் முன்னாடியே படம் ஓடியது. காதைப் பொத்திக்கொண்டு ஒரு அம்மா மூலையில் உட்கார்ந்து, ‘எய்யா, வந்து என்னையத் திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போயிருய்யா’ என்று மகனுக்குப் போன் போட்டு அழுகிற படம்.

இந்தப் பாவத்துக்கு நம்ம கையால் பில் போடக் கூடாது என்று முடிவு கட்டினான். முகம் தெரியாத அந்த மாமியாரை எப்பாடு பட்டாவது காப்பாற்றிவிடுவது.

“இதைப் பாருங்க. ரெட் சுவிட்ச். பஞ்சுல விரல் வச்ச மாதிரி இருக்கும்.”

தட்டிப் பார்த்தாள். பூனை நடக்கிற அளவுக்குக்கூடச் சத்தம் இல்லை.

“இது ஊமை. அடுத்தது.”

“ப்ரௌன் சுவிட்ச். நடுத்தரம். ஆபீஸ்காரங்க எல்லாம் இதைத்தான் வாங்குறாங்க.”

“இதுக்குத் தொண்டை கட்டியிருக்கு. அடுத்தது எடுங்கண்ணே.”

வேறு வழியில்லை. அடித்தட்டில் கிடந்த ப்ளூ சுவிட்சை எடுத்து வைத்தான். விரல் பட்டதும், தகரக் கூரை மேல் புளியங்கொட்டையைக் கவிழ்த்த மாதிரி அது பொரிந்தது. பொரியப் பொரிய அவள் முகம் மலர்ந்தது.

“இதெல்லாம் பேட்டரியைக் குடிக்கும்மா. விரலும் வலிக்கும்.”

“வலிச்சாப் பரவாயில்ல. நீங்க அந்தப் பலகைத் தடுப்புக்கு அங்கிட்டுப் போயி நில்லுங்கண்ணே. சுவரைத் தாண்டிக் கேக்குதான்னு பாக்கணும்.”

மாமியார் அடுத்த ரூமுக்கு ஓடினாலும் விட மாட்டாள் போல என்று நினைத்தபடியே போய் நின்றான். அவள் தட்டினாள்.

“கேக்குதாண்ணே?”

“ஒண்ணுமே கேக்கலைம்மா.”

பில் போடுகிற தமிழ்வாணி தலை நிமிராமல் சொன்னாள். “பொய் சொல்லாதீங்கண்ணே. பஸ் ஸ்டாண்டுல இருக்கவுகளுக்கே கேட்டிருக்கும்.”

திரும்பி வந்த சிவக்குமாருக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

“ஏம்மா, கூடப் பொறந்தவனா நினைச்சுக்க, சொல்றேன். பெத்தவங்க மனசு நோகக் கூடாது. எங்கம்மாவை எல்லாம் நான் எப்படித் தாங்குறேன் தெரியுமா?”

“ஒங்கம்மா காலையில இருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க” என்றாள் தமிழ்வாணி. “மொதல்ல அந்தப் போனை எடுத்துப் பேசுங்க. அப்புறம் ஊரான் அம்மாவைக் காப்பாத்துவீங்க.”

சரண்யாதேவிக்கு இப்போதுதான் விஷயம் புரிந்தது.

“அத்தைக்காகவா பயப்படுறீங்க? இதை வாங்கிட்டு வான்னு அனுப்புனதே அவங்கதாண்ணே. இருங்க, நீங்களே கேளுங்க.”

போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

“வாங்கிட்டியாத்தா?” கணீரென்று வந்தது மாமியார் சுந்தரம்மாளின் குரல்.

“கடையிலதான் நிக்கிறேன் அத்தை. இந்தாங்க, கேளுங்க.” போனைப் பக்கத்தில் வைத்துத் தட்டினாள்.

“இன்னும் ஓங்கித் தட்டு.”

ஓங்கித் தட்டினாள்.

“ம், தேவலாம். பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி நீ உக்கார எடம் ஒதுக்கிட்டேன். ஒரு ஸ்டூலுதான் கொள்ளுது. அது மேல கீபோர்டு அடங்குமா?”

“அளவெடுத்துட்டுத்தான் வந்தேன் அத்தை. அடங்கும்.”

சிவக்குமார் குழம்பிப்போய்க் குறுக்கே புகுந்தான். “அம்மா, நான் கடையில இருந்து பேசுறேன். இம்புட்டுச் சத்தம் ஒங்களுக்கு எதுக்கும்மா?”

அங்கே ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் அந்தக் கணீர்க் குரல் இறங்கி, கிசுகிசுப்பாக வந்தது.

“அடுத்த மாசக் கூட்டத்துல ரேகை வைக்க மாட்டேன், நானே வாசிச்சுப் பாத்துக் கையெழுத்துத்தான் போடுவேன்னு மகளிர் குழுவுல சொல்லிட்டு வந்துட்டேன் தம்பி. இந்த வயசுல நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறது பக்கத்து வீட்டுக்காரி காதுல விழுந்தா ஊரே சிரிச்சுப்புடும்னுதான், எம் மருமக நான் படிச்சு முடிக்கிற மட்டும் சுவரோரமா உக்காந்து தட்டப் போறா.”