தூக்குச்சட்டிக்கு ஓர் இடம்

விக்கிரமசிங்கபுரம் மில்லின் சங்கு திடீரென்று அலறுகிறது. இசக்கிமுருகன் சட்டென்று எழுந்து, ஆணியில் தொங்கும் சோற்றுத் தூக்குச்சட்டியை எடுத்துவிடுகிறான். மில் வேலையை விட்டு ஒரு வாரம் ஆகிவிட்டது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வருகிறது. நாளைக்கு அயர்லாந்துக்கு விமானம். நர்ஸ் வேலை கிடைத்திருப்பது மனைவி பிரேமலதாவுக்கு. அவன் அங்கே போய்த்தான் வேலை தேட வேண்டும். திறந்து கிடக்கும் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்திருக்கும் இரண்டு வயது மகள், புதுக் கம்பளி சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். சட்டியில் பட்ட சன்னல் வெயில் சுவரில் வட்டமாக ஆடுகிறது. அவள் அதைப் பிடிக்க எட்டுகிறாள்.

"பாருட்டி, சங்கு ஊதுனா ஒங்கப்பாவுக்குச் சாமி வந்துரும்" என்று மகளிடம் சிரிக்கிறாள் பிரேமலதா.

அவன் சிரிக்கவில்லை. "இத மில்லுக்குப் போற என் தம்பிட்ட குடுத்துரு. அங்கன எனக்கு ஆரு வேலைய வச்சுக்கிட்டுக் காத்திருக்கா?"

அவள் மகளைத் தூக்கி இறக்கிவிட்டு, பெட்டியிலிருந்து தன் முகூர்த்தப் பட்டுச்சேலையை எடுத்துக் கட்டிலில் வைக்கிறாள். அந்த இடத்தில் சட்டியைப் பதித்து, அதற்குள் மகளின் சாக்ஸ்களைத் திணித்து மூடுகிறாள்.

"பட்டுச்சேலைய ஏன் எடுத்த?"

"நீங்க வேலைக்குப் போற அன்னைக்கு, சோத்தப் பட்டுலயா கட்டித் தர முடியும்?"