முன் ஷாஃப்ட்

எஸ்டேட்டின் பழைய பிக்கப்பை ஜாக்கியில் தூக்கி, நான்கு சக்கரமும் இழுக்க வைக்கும் ஃபோர்வீல் லிவரைப் போட்டுவிட்டு, முன்சக்கரத்தைக் கையால் தள்ளினார் மெக்கானிக் இஸ்மாயில். அசையக் கூடாத சக்கரம் சுழன்றது.

"முன் ஷாஃப்ட்டே இல்லையேப்பா. இது இல்லாம முன்சக்கரம் எப்படி இழுக்கும்? கழட்டின புண்ணியவான் யாரு?"

அதன் சத்தம் பொறுக்காமல் கோடையில் கழற்றியவன், பக்கத்தில் நின்ற டிரைவர் தங்கையாதான். யாரிடமும் சொல்லவில்லை. போன வாரம் மழையில், ஏற்றத்தில் வண்டி சறுக்கி, கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியின் கால் நசுங்கியது. ஓட்டியவன் அவன் தம்பி. "லிவரைப் போட்டுத்தான் ஏறினேன்" என்று அழுதான். யாரும் நம்பவில்லை.

"மத்தியானம் எஸ்டேட் துரை வர்றாரு, பாய். தம்பியை வேலையை விட்டு நிறுத்தப் போறாங்க."

"இதைக் காட்டு. அவன் மேல தப்பில்லைன்னு ஆயிடும்."

தங்கையா வாசலைப் பார்த்தான்.

"ஷாஃப்ட் வீட்லதான் இருக்கு. துரை வர்றதுக்குள்ள மாட்டிட முடியுமா, பாய்?"