கோழிக்கூட்டோடு வந்த பேரன்

"தம்பி, நீர் எந்தப் பக்கத்துப் பேரன்?"

செத்தவீட்டுப் படலையில் நின்ற பரமலிங்கம் கேட்டார். நெளுக்குளத்தில் ஊர்த்தலைவராக இருந்து இறந்துபோன விதானையாரின் மூத்த மகன் அவர். கேள்வி நிருஷனிடம், பார்வையோ மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டியிருந்த கோழிக்கூட்டில்.

"மகள் வழி," என்றான் நிருஷன்.

"எந்த மகள்?"

"கடைசி மகள்."

பரமலிங்கம் அவனை மேலும் கீழும் பார்த்தார். நிருஷன் வேட்டி மடிப்பைச் சரிசெய்தான். அவரோ மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் படலையை அகலத் திறந்துவிட்டார். கோழியை மட்டும் பந்தலுக்குள் கொண்டுவர வேண்டாம் என்றார்.

கூட்டுக்குள் கோழி இல்லை. திறந்தபடி ஒரு மடிக்கணினி இருந்தது. மூடினால் அது தூங்கிவிடும். தூங்கினால் மூன்று நாள் உழைப்பும் போய்விடும்.

நிருஷனின் உத்தியோகம், உள்ளதைச் சொன்னால், பொய் சொல்வது. பிளாக்செயின் என்பது ஆயிரக்கணக்கான கணினிகள் ஆளுக்கொரு பிரதி வைத்திருக்கும் ஒரே பதிவேடு. அதை நடத்துகிற மென்பொருள் மீது, நிருஷன் எழுதிய நிரல் நிமிடத்துக்கு லட்சம் பொய்ப் பதிவுகளைத் தானாகவே இட்டுக்கட்டி எறிந்துகொண்டிருக்கும். மென்பொருள் அத்தனையையும் தள்ளிவிட வேண்டும். தப்பித்தவறி ஒரு பொய்யை உண்மையென்று ஏற்றுக்கொண்டால் அதுதான் பிழை. மூன்று மாதத்தில் ஒரு பிழையாவது பிடித்தால் வேலை நிரந்தரம் என்று கொழும்புக் கம்பனி சொல்லியிருந்தது. தவணை இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. பிடித்த பிழை இதுவரை பூச்சியம்.

அந்த நாளாகப் பார்த்துத்தான் விடியக்காலையில் புயல் அடித்து, அவனுடைய ஊரான செட்டிகுளம் முழுவதும் கரண்ட் போனது. பற்றரியில் ஒன்றரை மணி நேரம்தான் மிச்சம். தலையில் கைவைத்துக் குந்தியிருந்த மகனுக்கு அம்மா கமலாசனிதான் வழி சொன்னார். நெளுக்குளத்தில் விதானையார் ஒருவர் மோசம் போய்விட்டாராம், இன்றைக்குத்தான் பிரேதம் எடுக்கிறார்களாம், அங்கே கட்டாயம் ஜெனரேட்டர் ஓடும். யாராவது கேட்டால் கடைசி மகளின் மகன் என்று சொன்னால் போதும்.

"அது பொய்யல்லோ அம்மா?"

"உன்ர கொம்பியூட்டர் நாள் முழுக்கச் சொல்லாத பொய்யோ?" என்று கேட்டு, அவனை முழுக வார்த்து வேட்டியும் கட்டி அனுப்பிவிட்டார். அப்பா வீரையா கோழிகளைத் துரத்திவிட்டுக் கூட்டைக் கழுவிக் கொடுத்தார்.

செத்தவீட்டில் நடந்ததோ நிருஷன் கனவிலும் நினைக்காதது. ஜெனரேட்டரில் இடமில்லை என்றதும், பரமலிங்கம் ஒலிபெருக்கியின் வயரைத் தானே பிடுங்கிவிட்டு அவனுடைய வயரைச் செருகினார். இருக்கக் கதிரை வந்தது, குடிக்கப் பிளேன்ரீ வந்தது. ஒரு வயதான மனிசி அவனுடைய நாடியைப் பிடித்து முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அதுவரை அழுததைவிட இரண்டு மடங்கு சத்தமாக அழுதார். நிருஷனுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும் பாடாகிவிட்டது. நாற்பது கோடிப் பொய்க்கு அசையாத மென்பொருள் ஒரு பக்கம், முதல் பொய்யிலேயே கவிழ்ந்த இந்தக் குடும்பம் ஒரு பக்கம். இவ்வளவு பிழையுள்ள வீட்டை அவன் கண்டதில்லை.

மூன்று மணிக்குக் கிரியை தொடங்கியது. பேரப்பிள்ளைகள் எல்லோரும் பந்தம் பிடிக்க வரட்டும் என்று ஐயர் கூப்பிட்டார். நிருஷன் மெல்ல ஜெனரேட்டர் பக்கம் நழுவினான். பரமலிங்கம் கையைப் பிடித்து இழுத்துவந்து, வரிசையின் முன்னால், விதானையாரின் தலைமாட்டிலேயே நிறுத்திவிட்டார். எரிகிற பந்தமும் கையுமாக, முன்பின் தெரியாத கிழவரின் மூக்கைப் பார்த்தபடி, அவன் மணியை எண்ணிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் கோழிக்கூட்டுக்குள் கெட்டிமேளம் முழங்கியது.

பிழை அகப்பட்டால் ஒலிக்கட்டும் என்று அவனே ஆசையாகப் பதிந்து வைத்த கல்யாண மேளம். பறை நின்றது. ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டார். அழுத சனம் வாயை மூட மறந்து கூட்டைப் பார்த்தது. பந்தத்தை எறிந்துவிட்டு ஓடலாமா என்றுகூட நிருஷன் யோசித்தான்.

"பரவாயில்லை, அடிக்கட்டும்," என்றார் பரமலிங்கம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்த வீட்டில எப்பவோ அடிச்சிருக்க வேண்டிய மேளம்."

ஒரு பொய்ப் பதிவு உள்ளே போய்விட்டது, வேலை நிரந்தரம் என்று உறைத்ததும் நிருஷனுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பேரன் என்றால் இப்படி அழ வேண்டும் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

பிரேதம் சுடலைக்குப் புறப்பட்டதும் அவன் அறிக்கையை அனுப்பினான். கம்பனியிலிருந்து வாழ்த்து வந்தது. உடனே அம்மாவுக்குப் போன் எடுத்து, வேலை கிடைத்ததையும் பந்தம் பிடித்த கூத்தையும் ஒரே மூச்சில் சொல்லிச் சிரித்தான்.

"எல்லாரும் நல்லா ஏமாந்திட்டினம் அம்மா. ஒருத்தருக்கும் சந்தேகமே வரேல்லை."



"அவை ஏமாறேல்லையடா," என்றார் கமலாசனி. "உன்ர அப்பாவைக் கட்டினதுக்காக இருபத்தெட்டு வருசமா என்னைத் தள்ளிவைச்ச வீடு அது. அதை விடு. என்ர அப்பாவின்ர முகம் எப்பிடியடா இருந்தது?"