எட்டு டப்பா தெளிகீரை

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் எட்டுப் பேருக்கும் மேஸ்திரி தொம்மை காலையில் ஆளுக்கொரு வேகமாத்திரை கொடுப்பார். தானும் ஒன்று போட்டுக்கொள்வார். பதினாறு மணி நேரம் உடம்பு அலுப்பு சொல்லாது. வீட்டுக்கு வந்தாலும் அடங்காது. போன ஞாயிற்றுக்கிழமை அந்த எட்டுப் பேரில் ஒருவனான பேச்சிமுத்து சும்மா இருக்கமுடியாமல் பீரோவை ஆறு தடவை இடம் மாற்றிவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அவன் மனைவி கனி பயந்துபோய் தெளிகீரை வாங்கினாள். கசப்பில் அது வேப்பிலைக்கு அண்ணன். தின்றால் மாத்திரை வெறி இறங்கும். சொன்னால் தின்னமாட்டான் என்று பருப்போடு கடைந்து, சொல்லாமல் டப்பாவில் வைத்தாள்.

துறைமுகத்தில் யாரும் தன் சோற்றைத் தனியாகத் தின்பதில்லை என்பது அவளுக்குத் தெரியாது. எல்லா டப்பாவையும் ஒரே தாம்பாளத்தில் கொட்டித்தான் பிசைவார்கள்.

மத்தியானம் பேச்சிமுத்து தன் டப்பாவைக் கவிழ்த்தான். கீரை. அடுத்தவனுடையதும் கீரை. எட்டாவது டப்பா வரைக்கும் அதே பச்சை.

"ஏலே, எல்லா வீட்டுப் பொம்பளையும் ஒரே கடைக்குத்தான் போயிருக்காளுவ," என்றான் ஒருவன்.

தொம்மை ஓடிவந்தார். "தின்னுராதீங்கடே. நாளைக்கு மாத்திரை வேண்டாம்பீங்க. கப்பல யாரு இறக்குவா, ஒங்க மச்சானா?"

"ஒங்க டப்பாவத் தொறங்க அண்ணாச்சி," என்றான் பேச்சிமுத்து.

"எனக்கு மீன் கொழம்புடே."

திறந்தார். மீன் துண்டுக்கு அடியில் பச்சை தெரிந்தது.

 தொம்மை டப்பாவைத் தாம்பாளத்தில் கவிழ்த்தார்.

"தள்ளி உக்காருங்கடே," என்றார்.