சறுக்குவண்டியில் வந்த சம்பந்தம்

"நல்லா யோசிச்சுக்க, லெபோனா. அந்த மூணு பெரியவங்களும் பொழுது சாயறதுக்குள்ள கீழ வந்து சேரலேன்னா, பெண் பேச்சு இத்தோட முறிஞ்சுது."

இதைச் சொன்னது லெபோனாவின் கூட்டாளி மொலெஃபிதான் என்று நினைக்கிறேன். அன்று பனி முழங்கால் அளவா, இடுப்பளவா என்றுகூட இப்போது எனக்கு நிச்சயமில்லை. பேச்சு மட்டும் காதில் நிற்கிறது.

மஹ்லாசெலா கணவாய் அடைபட்டுவிட்டது. பெண் கேட்கப் புறப்பட்ட பெரியவர்களின் வாடகை வேன் உச்சியில் சிக்கிக்கொண்டது. கீழே பள்ளத்தாக்கில் மொரோங்வேயின் அப்பா காத்திருந்தார். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போன பேச்சு. இந்த முறையும் வராவிட்டால் அவர் கதவைத் திறக்கமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். லெபோனாவுக்கு மொரோங்வே மேல் உயிர் என்பதும் ஊருக்கே தெரியும்.

லெபோனா பனிச்சறுக்குத் திடலில் அடிபட்டவர்களை மீட்கும் வேலை பார்ப்பவன். மலையையே பார்த்தபடி கையுறையை மாட்டிக்கொண்டான்.

"யோசிச்சாச்சு," என்றான். "வண்டியை எடு."

அது அடிபட்டவர்களைப் படுக்கவைத்து இறக்கும் தகரச் சறுக்குவண்டி. ஒரு தடவைக்கு ஓர் ஆளைத்தான் ஏற்றலாம். இரண்டு பெரியவர்களை ஒவ்வொருவராகக் கீழே சேர்த்துவிட்டு மறுபடி மேலே போனான். மிஞ்சியவர் செகோபோ. கனத்த உடம்பு. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன், பேச்சை நடத்த வேண்டியவரே அவர்தான்.

"இதுல பிணத்தைத்தானே கொண்டுபோவாங்க?"

"பிணம் இப்படிக் கத்தாது, ந்தாத்தே," என்றான் லெபோனா, அப்பாவை அழைக்கும் மரியாதையோடு. "உட்காருங்க."

"தொப்பி பறந்துடும்டா! தொப்பியில்லாம நின்னா எவன் பெண் கொடுப்பான்?"

"பல்லால கடிச்சுக்கங்க."

"பல்லு இருந்தா கடிக்க மாட்டேனா?"

தொப்பியை மடியில் அமுக்கி, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். "கார்ல முன்னால வந்தவன் பனியைப் பார்த்ததும் திருப்பிக்கிட்டுப் போயிட்டான். கிழவங்க இருக்காங்களா செத்தாங்களான்னு ஒரு வார்த்தை கேட்டானா?" என்று முணுமுணுத்தார்.

லெபோனா அவரை வாரால் இறுக்கிக் கட்டினான். வண்டியின் கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டு சரிவில் பாய்ந்தான். முதல் வளைவில் செகோபோ தம் முன்னோர்களையெல்லாம் கூப்பிட்டார். இரண்டாவது வளைவில் கண்ணைத் திறந்தார். மூன்றாவதில், "இன்னும் வேகமாப் போடா! நீ என்ன மாடா மேய்க்கிறே?" என்று கூவினார்.

கீழே கூட்டம் ஆர்ப்பரித்தது. பெண்கள் குலவையிட்டார்கள். முகட்டில் இன்னும் வெயில் மிச்சமிருந்தது.

செகோபோ எழுந்து பனியை உதறினார். "மகனே, நீ யாரு வீட்டுப் பிள்ளை?"

"யாரும் இல்ல, ந்தாத்தே. அப்பா, அம்மா போயிட்டாங்க. மாமனும் கிடையாது."

மொலெஃபியால் பொறுக்க முடியவில்லை. "அதனாலதான் இவனுக்காகப் பெண் கேக்க ஒரு ஆளில்ல! உங்க மருமகன் தெகோவுக்காகக் கேக்கப் போறீங்களே, அதே மொரோங்வேயை நினைச்சுத்தான் இவனும் நாலு வருஷமாக் காத்துக்கிட்டு இருக்கான்!"

குதிரை ஒன்று தும்மியது.

"தெரிஞ்சேவா எங்களைக் கொண்டாந்தே?" என்றார் செகோபோ.

"மேல விட்டா விறைச்சுடுவீங்களே," என்றான் லெபோனா.

செகோபோ மற்ற இரண்டு பெரியவர்களையும் பார்த்தார். ஒருவர் தலையசைத்தார். இன்னொருவர் தெகோவின் கார் திரும்பிப் போன கணவாய்ப் பக்கம் காறித் துப்பினார். செகோபோ தொப்பியை எடுத்துத் தலையில் நேராக வைத்துக்கொண்டார்.

"பெண் கேக்க வந்தோம், கேக்காமத் திரும்ப மாட்டோம். பெண் வீட்டுக்குக் கொடுக்க உன்கிட்ட மாடு எத்தனை இருக்கு, மருமகனே?"

பெண் வீட்டில், அவள் அப்பா கேட்டு முடிப்பதற்குள் மொரோங்வே சம்மதம் சொல்லிவிட்டாள். தெகோ காரை விற்றுவிட்டு வேறு ஊரில் பெண் கட்டினான். செகோபோ, பனி விழுந்தால் போதும், மருமகன் வீட்டுக்கு வந்து சறுக்குவண்டியைக் கேட்கிறார்.